தெருக் குழுவில் ‘சந்தேக நபர்’ படம் வந்தால்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒரு திருட்டு நடந்த பிறகு வாட்ஸ்அப்பில் காவல் குழு தொடங்கினோம். இப்போது தினமும் யாராவது ‘சந்தேகப்படும்படி ஒருவர்’ என்று படம் போடுகிறார்கள். போன வாரம் அப்படிப் படம் வந்தவர் டெலிவரி ஊழியர் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா மாலையில் வெளியே போகவே பயப்படுகிறார். நான்தான் அட்மின். குழுவைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொள்வதில் பலன் இருக்கிறது. இத்தகைய காவல் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த அறிக்கை, குற்றம் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் அவை போன் குழுக்கள் அல்ல.  உங்கள் குழுவில் மாற்ற வேண்டியது, எதைப் பதிவிடலாம் என்ற விதியைத்தான்.

விதி இதுதான்: ஆளை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். ‘புது ஆள், அழுக்குச் சட்டை, வேறு பாஷை பேசுகிறார்’ என்ற பதிவிலிருந்து தோற்றத்தையும் மொழியையும் நீக்கிவிட்டால் என்ன மிஞ்சுகிறது? ஒன்றுமில்லை. ‘மூன்று வீட்டுக் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தார்’ என்றால் மிஞ்சுகிறது. அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதற்கான அமெரிக்காவின் நெக்ஸ்ட்டோர் செயலியில், தோல் நிறத்தை மட்டும் வைத்து மனிதர்களைச் சந்தேகிக்கும் பதிவுகள் குவிந்து பெரும் புகாரானது. 2016-இல் பதிவுப் படிவத்தையே மாற்றினார்கள்: அந்த நபர் என்ன செய்தார் என்று முதலில் எழுத வேண்டும், நிறத்தைச் சொன்னால் உடை போன்ற வேறு அடையாளங்களும் சொல்ல வேண்டும். அத்தகைய பதிவுகள் 75 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனம் தெரிவித்தது.

வரிசையும் முக்கியம். நெதர்லாந்தின் தெருக் குழுக்கள் பின்பற்றும் முறையில் முதலில் கவனிப்பது, அப்புறம் போலீசுக்குச் சொல்வது, அதன் பிறகே குழுவில் போடுவது. கடைசியாக, ஆபத்தில்லை என்றால் மட்டும், அந்த ஆளிடமே போய்ப் பேசுவது. ‘யாரைப் பார்க்க வந்தீங்க?’ என்று மரியாதையாகக் கேட்டிருந்தால் அவர் டெலிவரி ஊழியர் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

முகம் தெரியும் படத்தைக் குழுவில் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். 2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே காட்டுத்தீ பற்றியபோது, சிட்டிசன் என்ற செயலி ஒருவர் படத்தைப் போட்டு, அவரைப் பிடிக்க 30,000 டாலர் பரிசு அறிவித்தது. அவர் அந்தத் தீயை வைத்தவரே அல்ல. உங்கள் குழுவில் போட்ட படமும் இரண்டு ஃபார்வர்டில் உங்கள் கையை விட்டுப் போய்விடும். கேமரா பதிவு இருந்தால் உடனே தனியாகச் சேமித்து (பல கருவிகள் சில நாளில் பழையதை அழித்துவிடும்) நேரம், தேதியோடு போலீசிடம் கொடுங்கள். அந்த ஊழியர் படத்தை இன்றே நீக்கி, ‘இவர்மீது தவறில்லை’ என்று அதே குழுவில் எழுதுங்கள். அது அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். திருட்டு நடக்காத நாளைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை. முன்பெல்லாம் நாலு தெரு தள்ளி நடந்தது காதுக்கு வருவதற்குள் ஒரு வாரம் ஆகிவிடும். இப்போது ஐந்து நிமிடத்தில் வருகிறது, நாலு பேர் அனுப்பினால் நாலு சம்பவம் போலத் தெரிகிறது. வெறுமனே ‘பயப்படாதீங்க’ என்று சொன்னால் அவர் மனம் ஆறாது. இருவரும் உட்கார்ந்து கடந்த ஆறு மாதப் பதிவுகளை எண்ணுங்கள்: உண்மையில் நடந்த குற்றம் எத்தனை, வெறும் சந்தேகம் எத்தனை, எங்கிருந்தோ வந்த பழைய வீடியோ எத்தனை என்று தனித்தனியாக. பிறகு சில நாள் மாலையில் அவரோடு நீங்களும் நடந்து போய் வாருங்கள்.