வலைப்பந்து அணியில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வித்தியாசமாக வளர்கிறார்கள்? வீட்டு நிலைமையும் காரணமா?

ஓம், வீட்டு நிலைமையும் ஒரு காரணம்தான். பெரியபிள்ளையாவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, பெரும்பாலும் 11, 12 வயதில், பெண்பிள்ளைகள் சடசடவென்று உயருவார்கள். இதைத்தான் வளர்ச்சிப் பாய்ச்சல் என்கிறோம். சிலருக்கு 10 வயதிலேயே வந்துவிடும், சிலருக்கு 13 தாண்டும். அது எப்போது வரும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு, சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

வளரும் உடம்பு, வீடு கட்டிக்கொண்டிருக்கிற குடும்பம் மாதிரி. அரிசி, கறண்ட் பில், பஸ் காசு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சீமெந்து வாங்கலாம். விடிய வெறும் பிளேன்ரீ, மதியம் அரைவயிறு, பின்னேரம் பயிற்சி, அப்புறம் ரியூசன் என்று ஓடுகிற பிள்ளைக்கு வளர என்ன மிஞ்சும்? பயிற்சிக்கு முன் அவித்த கடலையும் ஒரு வாழைப்பழமும் கொடுத்துப் பாருங்கள், தயவுசெய்து.

இன்னொன்றும் இருக்கிறது. சாமத்தியச் சடங்கு முடிந்ததும் "இனி ஓட்டம் பாட்டம் வேண்டாம்" என்று சில வீடுகளில் மறித்துவிடுகிறார்கள், அதனால் முந்தி வளர்ந்த பிள்ளைகள் அணியை விட்டு விலக, பிந்தி வளர்பவர்கள் மிஞ்சுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விஷயம்.

விளையாடினால் உயரம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை: வளர்ச்சியைப் பின்தள்ளுவது பெரும்பாலும் பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாததுதான், 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.