டீச்சரிடம் கேளுங்கள்: கதவிடுக்கில் நசுங்கிய கும்பிடுபூச்சி

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். நேற்று ராத்திரி அடுக்களைக் கதவை அடைக்கும்போது பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி ஒன்று இடுக்கில் மாட்டிவிட்டது. முன்னங்கால் ஒன்று போய்விட்டது. பின்னங்கால் ஒன்று நசுங்கித் தொங்குகிறது. வயிறு நல்ல பெரிசு. அதன் ஓரத்தில் சின்னக் கீறல், வெளிர்பச்சையாக நீர் கசிகிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன். மாமி, ‘வாழ மூட்டுல போடு, எறும்பு பாத்துக்கிடும்’ என்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கிற மகன் விடமாட்டேன் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். இது பிழைக்குமா? பிழைக்காது என்றால் என்ன செய்ய?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தப் பூச்சியின் கதை எப்படியும் முடிந்திருக்கும். ஆனாலும் பதில் எழுதுகிறேன். டியூப்லைட் இருக்கிற வரைக்கும் விட்டில் வரும், விட்டிலைப் பிடிக்க இதுவும் வரும், கதவும் அதே இடத்தில்தான் இருக்கப்போகிறது.

முதலில் அந்த எண்ணெய். இனி வேண்டாம். நம் வீடுகளில் எந்தக் காயத்துக்கும் கை தானாக எண்ணெய்க் குப்பிக்கும் மஞ்சள் டப்பாவுக்கும்தான் போகும். பூச்சிக்கு மூக்கு கிடையாது. மார்பிலும் வயிற்றிலும் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கிற பொடித் துளைகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தெரியாமல் தடவியிருந்தால் ஒரு பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வயிறு. எல்லோரும் முதலில் காலைத்தான் பார்ப்போம், ஏனென்றால் கண்ணில் படுவது அதுதான். ஆனால் பூச்சிக்குக் கால் போவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. நமக்கு இருப்பதுபோல் ரத்தக்குழாய் முழுக்க ஓடுகிற உடம்பு இல்லை அது. உடம்புக்குள்ளேயே நீர் நிரம்பிக் கிடக்கிறது. கால் முறிந்த இடத்தில் அந்த நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். சிறகு வளராத குஞ்சு என்றால் அடுத்தடுத்துத் தோல் உரிக்கும்போது புதுக்கால்கூட முளைக்கும், முதலில் கொஞ்சம் குட்டையாக. உங்களுடையது பெரிய பூச்சி. சிறகு வயிற்றை மூடியிருந்தால் அதற்கு வளர்ச்சி முடிந்துவிட்டது, இனி தோல் உரிக்காது, கால் முளைக்காது. ஆனாலும் இருக்கிற கால்களோடு வாழும்.

கீறலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. கசிவு சற்று நேரத்தில் நின்று, அந்த இடம் காய்ந்து கறுத்தால் நம்பிக்கை உண்டு. உள்ளே இருப்பது வெளியே பிதுங்கியிருந்தாலோ, வயிறு சப்பிப்போய் இருந்தாலோ பிழைக்காது. இதில் வளைத்துப் பேச ஒன்றும் இல்லை.

பிழைக்கும் என்று தோன்றினால் டப்பாவை மாற்றுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஒரு வாளிக்குள் நாலு செம்பருத்திக் கம்பை நிறுத்தி, மேலே பழைய கொசுவலைத் துணியைக் கட்டினால் போதும். இலையில் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள், துளியை உறிஞ்சிக் குடிக்கும். வேட்டைக்கு இரண்டு முன்னங்கால்களும் வேண்டும்; ஒன்று போனதால் இரையைப் பிடிக்கத் திணறும். வெட்டுக்கிளியையோ பாச்சாவையோ நறுக்கி, இடுக்கியில் பிடித்து வாய்க்கு நேரே மெல்ல நீட்டச் சொல்லுங்கள், மகனிடம்தான். தின்னவில்லையென்றால் குச்சியின் நுனியில் ஒரு பொட்டுத் தேன் காட்டலாம். மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்க, தேனுக்கா பஞ்சம்? மருந்தடித்த தோட்டத்துப் பூச்சியை மட்டும் கொடுக்காதீர்கள்.

பெரிய வயிறு என்கிறீர்கள். அனேகமாகப் பெண், முட்டையோடு இருக்கலாம். கால் இல்லாமலும் கம்பில் தொற்றிக்கொண்டு முட்டைக்கூட்டைக் கட்டிவிடும். வாலிலிருந்து நுரையாகத் தள்ளும், அது இறுகித் தவிட்டு நிறத்தில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அப்படிக் கட்டினால் அந்தக் கம்பை அப்படியே கொல்லையில் ஒரு செடியில் கட்டி வைத்துவிடுங்கள்.

இனி பிழைக்காத பூச்சி. மாமியிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். எறும்பு பார்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உயிர் போகிற வரைக்கும் காத்திருந்து பார்த்துக்கொள்ளாது. பூச்சிக்கு வலி எவ்வளவு என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடப்போம். மகன் தூங்கின பிறகு ரகசியமாகச் செய்துவிட்டு ‘பறந்து போச்சு’ என்று கதை விடாதீர்கள். அவன்தான் காயத்தைப் பார்த்தவனாச்சே, நம்பமாட்டான். காரணத்தைச் சொல்லி, அவன் நிற்க விரும்பினால் நிற்கட்டும். தட்டையான கல் மேல் வைத்து, ஒரு இலையால் மூடி, இன்னொரு கல்லால் ஓங்கி ஒரே அடி, முழு உடம்பும் நசுங்க. தலையை மட்டும் நசுக்கினால் போதாது. நரம்பு முடிச்சுகள் உடம்பு நெடுக இருப்பதால் தலை போன பிறகும் அசைந்துகொண்டிருக்கும், பையன் பயந்துவிடுவான். ஃப்ரீசரில் வைக்கலாமே என்பார்கள். குளிரில் பூச்சி அடங்கிப்போவது உண்மை, ஆனால் நேரம் பிடிக்கும். சாளைக்கும் நெத்தோலிக்கும் பக்கத்தில் வைக்க மாமி விடுவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: நொண்டிக்கொண்டிருந்த கும்பிடுபூச்சிமேல் தண்ணீர் ஊற்றினேன். பின்பக்கத்திலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒன்று நீளமாக நெளிந்து வந்தது. கையில் பட்டுவிட்டது, ஆபத்தா?
- ஒரு வாசகர், அருமனை

பதில்: பயப்படாதீர்கள், மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். அது குதிரைமயிர்ப் புழு. குஞ்சுப் பருவத்தில் தண்ணீரில் வாழ்கிற பூச்சிகளுக்குள் புகுந்துகொள்ளும். அந்தப் பூச்சி சிறகு முளைத்து வெளியே பறந்ததும் கும்பிடுபூச்சி பிடித்துத் தின்னும். புழு வயிற்றுக்குள் வளரும், பூச்சியின் நீளத்தையும் தாண்டும். இணைசேர அதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் ஈரம் பட்டதும் வெளியே வந்தது. குளமும் சானலுமாகக் கிடக்கிற நம் ஊரில் அதற்கு என்ன குறை! புழு போன பூச்சி பெரும்பாலும் தளர்ந்து செத்துப்போகும், சில தேறுவதும் உண்டு. ஒரு நாள் நிழலில் வைத்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள்; தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தால் இரை கொடுக்கலாம்.