டிக்கெட் போட்டுக் கொடுப்பவரின் கூலி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பேராவூரணியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். ரயில், விமான டிக்கெட், விசா, பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் செய்கிறேன். வேலைக்கு ஆள் கிடையாது, நான் ஒருவன்தான். இப்போதெல்லாம் வருகிறவர்கள் என்னிடம் விலை விசாரித்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து செல்போனில் போட்டுக்கொள்கிறார்கள். விமான டிக்கெட்டில் நான் 500, 600 சேர்த்துத்தான் சொல்வேன். அதைக் கண்டுபிடித்து ஏமாற்றுகிறேன் என்கிறார்கள்.

தட்கல் தொடங்கும் முதல் அரை மணி நேரம் ஏஜென்ட் ஐடியில் போட முடியாது என்று ஆகிவிட்டதால், வாடிக்கையாளர்களின் சொந்த ஐடியில் ஓ.டி.பி. வாங்கிப் போட்டுக் கொடுத்து 200 ரூபாய் வாங்குகிறேன். எதிர்க்கடைக்காரர் விசிட் விசாவில் வளைகுடாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறார். நான் அதைச் செய்ய மாட்டேன், அதனால் கூட்டமெல்லாம் அங்கே. கொரோனா சமயத்தில் ரத்தான டிக்கெட்டுகளுக்கு மனைவியின் நகையை அடகு வைத்து நானே பணம் கொடுத்தேன். தாமஸ் குக் கம்பெனியே மூழ்கிவிட்டது, கடையை மூடிவிட்டு இன்ஸ்டாகிராமில் டூர் பேக்கேஜ் போடுவோம் என்கிறாள் மகள். நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர். டிராவல் ஏஜென்ட் என்று ஒரு ஆள் இனிமேல் தேவையா?

(பெயர் வேண்டாம்)
பேராவூரணி

அன்புள்ள தம்பி,

எனக்கு வரும் கடிதங்களில் பலவற்றுக்குப் பதில் எழுத முடிவதில்லை. உங்களுடையதை உடனே எடுத்துக்கொண்டேன். உழைப்புக்குக் கூலி கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

முதலில் சில விஷயங்களைத் தள்ளிவிடுகிறேன். தாமஸ் குக்கை விடுங்கள். 2019 செப்டம்பரில் அந்த பிரிட்டிஷ் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதற்குச் சொந்த விமானங்கள் இருந்தன, ஓட்டல்கள் இருந்தன. உங்களிடம் ஒரு மேசையும் ஒரு பிரிண்டரும் இருக்கின்றன. அதன் கதை வேறு, உங்கள் கதை வேறு. இன்ஸ்டாகிராம் மகளின் விருப்பம், அவள் செய்து பார்க்கட்டும். விசிட் விசா விஷயத்தில் உங்கள் முடிவை அணுவளவும் மாற்றாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983 சட்டப்படி தனிப் பதிவு வேண்டும், டிராவல்ஸ் போர்டு மாட்டினால் போதாது. அந்தக் கூட்டம் உங்களுக்கு வேண்டாம்.

தட்கல் விஷயத்தை அப்படித் தள்ள முடியவில்லை. படித்ததும் கோபம்தான் வந்தது. என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துதான் செய்கிறீர்களா? பயணியின் சொந்த ஐடியில் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுவது அனுமதியில்லாத வியாபாரம். ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 முதல் 10.30 வரை, மற்ற வகுப்புகளுக்கு 11 முதல் 11.30 வரை ஏஜென்டுகள் உள்ளே வரக் கூடாது என்று 2025 ஜூலையில் ஆக்கினார்கள். சொந்தமாகப் போடுகிறவருக்கும் ஒரு இடம் கிடைக்கட்டும் என்றுதான் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கினார்கள். அதற்குள் பின்வாசல் வழியாக நுழைந்து 200 ரூபாய் வாங்குகிறீர்கள். ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுக்கும் ஆதார் ஓ.டி.பி. வேறு உங்கள் கையில். ஒருநாள் ரயில்வே போலீஸ் வந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போனால் உங்கள் மகள் எந்தப் பேக்கேஜை விற்பாள்? நாளையிலிருந்து நிறுத்துங்கள். கேட்கிறவர்களுக்கு எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள், போதும்.

சரி, இப்போது நான் பேச நினைத்ததற்கு வருகிறேன்.

என் பெரியம்மா 2022 டிசம்பரில் துபாய்க்குப் போனார், மகளின் பிரசவத்துக்கு. அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் கேட்கிற கட்டம் காலி. நம் ஊரில் எத்தனை பேருடைய பாஸ்போர்ட் அப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இனிஷியலை வைத்தே வாழ்ந்து முடிக்கிறவர்கள் நாம். அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 21-லிருந்து, ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாவில் வருகிறவர்களை உள்ளே விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்திருந்தது. கொஞ்ச நாளில் ஒரு விளக்கமும் வந்தது: பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும்.

எங்கள் குடும்பத்தில் படித்தவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒருவருக்கும் இது தெரியாது. புதுக்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. அவர் உங்களைப் போலத் தனி ஆள். பெரியம்மாவின் பாஸ்போர்ட் நகல் அவருடைய கோப்பில் இருந்தது. எடுத்துப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் பெரியம்மாவின் அப்பா பெயர் அச்சாகியிருப்பதை உறுதி செய்துகொண்டு, அந்த அறிவிப்பையும் விளக்கத்தையும் அச்சடித்து டிக்கெட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார். "திருச்சியில கவுன்டர்ல கேட்டா இந்தப் பக்கத்தத் திருப்பிக் காட்டுங்கம்மா, பதறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். கவுன்டரில் கேட்டார்கள். பெரியம்மா திருப்பிக் காட்டினார். பேரன் பிறந்தபோது அங்கே இருந்தார்.

பில்லைப் பார்த்துவிட்டு என் தம்பி, அதாவது பெரியம்மா மகன், என்ன சொன்னான் தெரியுமா? "700 ரூபாய் அதிகமா வாங்கிட்டான், நானே போன்ல போட்டிருப்பேன்." வீட்டில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அவனோடு சண்டை போட்டேன். போனில் போட்டிருந்தால் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதியிருப்பாய் என்று கேட்டேன். ஒற்றைப் பெயர்க்காரருக்கு அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடு என்பார்கள் ஒரு நிறுவனத்தில், வேறு மாதிரி போடு என்பார்கள் இன்னொன்றில். அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் அந்த 700 ரூபாய் இன்றுவரை அவன் கணக்கில் ஏமாந்த பணம்தான்.

இதில் அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏஜென்ட் 700 ரூபாயை டிக்கெட் விலைக்குள் மறைத்து வைத்தார். மறைத்ததால்தான் அவன் அதைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த பணம் எவருக்கும் திருட்டுப் பணமாகத்தான் தெரியும். நீங்களும் இதையேதான் செய்கிறீர்கள், அப்புறம் ஏமாற்றுக்காரன் என்கிறார்களே என்று வருந்துகிறீர்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் விமான நிறுவனங்களே ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்தன. 9 சதவீதம் வரை இருந்தது, பிறகு 5 ஆகக் குறைந்தது. 2008 நவம்பரிலிருந்து அதுவும் கிடையாது என்று நம் நாட்டுப் பெரிய நிறுவனங்கள் அறிவித்தன. போராட்டம் எல்லாம் நடந்தது, பழைய காலம் திரும்பவில்லை. அமெரிக்காவில் 1995-லேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கமிஷனைப் பயணி கண்ணால் பார்த்ததே இல்லை. ஏஜென்ட் செய்வதெல்லாம் இலவசம் என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது. கமிஷன் நின்றதும் நீங்கள் எல்லாரும் செய்திருக்க வேண்டியது, கூலியை வெளியே சொல்வது. அதைச் செய்யாமல் அதே தொகையை விலைக்குள் ஒளித்து வைத்தீர்கள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஒளிக்க இடம் ஏது?

பத்திர ஆபீசுக்குப் போகிறவர்கள் எழுத்தருக்குப் பணம் கொடுக்கிறார்களே, யாராவது அதை ஏமாற்று என்கிறார்களா? அவர் தன் கூலியை நிலத்தின் விலையில் சேர்த்துச் சொல்வதில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்கிறார், கொடுக்கிறார்கள்.

ஆகவே ஒரு போர்டு எழுதுங்கள். பெரிய எழுத்தில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி. விமான டிக்கெட் போட எவ்வளவு, தேதி மாற்ற எவ்வளவு, ரத்து செய்து பணத்தை வாங்கித் தர எவ்வளவு, விசா விண்ணப்பத்துக்கு எவ்வளவு. பில்லில் விமான நிறுவனத்தின் கட்டணம் ஒரு வரியில், உங்கள் சர்வீஸ் சார்ஜ் அடுத்த வரியில். பயணி போனில் பார்க்கும் விலையும் உங்கள் முதல் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது வரிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வாய் திறந்து சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பார்த்தேன். பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தேன். வழியில் விமானம் மாறும் இடத்தில் விசா வேண்டுமா என்று பார்த்தேன். ராத்திரி நீங்கள் கூப்பிட்டால் எடுப்பேன்.

விசாரிப்புக்கும் காசு வாங்குங்கள் என்பேன். காகிதங்களைப் பார்த்து வழி சொல்ல 100 ரூபாய், டிக்கெட் இங்கே போட்டால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று போர்டிலேயே எழுதுங்கள். கூட்டம் குறையும் என்று பயப்படுவீர்கள். குறையட்டும். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் வாயால் வழி கேட்டு, தன் போனில் டிக்கெட் போடுகிறவர் இப்போதும் உங்கள் வாடிக்கையாளர் இல்லையே. அவர்தான் நாளைக்கு விமானம் ரத்தானதும் "தம்பி, இத கொஞ்சம் பாரேன்" என்று வருவார். அப்போதும் சும்மா பார்த்துக் கொடுப்பீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் முழுக்க அந்த மனசுதான் இருக்கிறது. துபாயில் இரவு 10 மணிக்கு ஒருவருக்கு ஊர் ஞாபகம் வந்து போன் செய்தால் உங்களுக்கு 11.30. சவூதியிலிருந்து என்றால் 12.30. அத்தனைக்கும் எழுந்து பேசுகிறவராகத்தான் இருப்பீர்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கொரோனா விஷயத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், தம்பி. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். 2020 மார்ச் 25-இல் நின்ற உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் பறந்தன. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பு சொன்னது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அது வந்ததும் ஏஜென்ட் பயணிக்கு உடனே கொடுக்க வேண்டும் என்றது. வந்ததும் கொடுத்தால் போதும் என்றுதான் நீதிமன்றமே சொன்னது. வருவதற்கு முன்பே நகையை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நகையை மீட்டுவிட்டீர்களா? அதை எழுதவே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் இன்று உங்கள் கடையில் டிக்கெட் போடுகிறார்கள்? உங்கள் மனைவியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் இனிமேல் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். புதுக்கோட்டைக்காரர் எங்களுக்குத் தேவைப்பட்டார். பேராவூரணியில் என்ன நிலவரம் என்பதை உங்கள் பில் புத்தகம்தான் சொல்லும். போர்டு மாட்டிய பிறகு ஆறு மாதம் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் வரியை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். கடை வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் மகள் சொல்வதைக் கேளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

தொகைகளை எழுதியதும் மாட்டுவதற்கு முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். குறைத்து எழுதியிருந்தால் திரும்பவும் திட்டுவேன். ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் உங்கள் ஏஜென்ட் ஐடிக்கு அனுமதித்த 20 ரூபாய், ஏ.சி.க்கு 40 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அந்தப் போர்டில் இருக்கக் கூடாது.

அன்புடன்,
அக்கா