எம்.எஸ். உள்ளவர்களுக்கு வி.ஆர். பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய் பற்றி வரும் கேள்விகளில் இப்போது மருந்துக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது வி.ஆர். பற்றித்தான். வி.ஆர். என்றால் விர்ச்சுவல் ரியாலிட்டி: கண்ணை மூடும் ஹெட்செட்டிலோ திரையிலோ கணினி காட்டும் உலகத்தைப் பார்த்து அசைந்து செய்வது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். நரம்பியல் பிசியோதெரபிஸ்ட்டாக என்னால் சொல்ல முடிந்தவை இவை. மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

வயது 34. நடந்தால் தள்ளாடுகிறது. ஹெட்செட் மாட்டி கேம் விளையாடினால் நடை சரியாகிவிடும் என்கிறார்கள். நிஜமா?

நோய் சரியாகாது. நடை ஓரளவு தேறலாம்.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்தின் தொடுவுணர்வு மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எம்.எஸ்.ஸில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை ஆங்காங்கே சிதைவதால், பாதத்திலிருந்து வரும் செய்தி தாமதமாகவோ கலங்கலாகவோ வந்து சேர்கிறது. எடையை இடமிருந்து வலம் மாற்றினீர்களா, எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைப் பயிற்சி கேம் அந்த நொடியே திரையில் காட்டிவிடும். பாதம் சரியாகச் சொல்லாததைக் கண் சொல்கிறது. "இன்னொரு பத்து முறை செய்யுங்கள்" என்று நாங்கள் சொன்னால் முகம் சுளிப்பவர்கள்கூட கேமில் நூறு முறை செய்துவிடுகிறார்கள். பாதி ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

ரோமில் லூகா ப்ரோஸ்பெரினி குழுவினர் எம்.எஸ். உள்ளவர்களின் வீட்டிலேயே நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவியின் பேலன்ஸ் போர்டை (ஏறி நின்றால் எடை எந்தப் பக்கம் என்று கணக்கெடுக்கும் பலகை) வைத்து 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. சமநிலை முன்னேறியது. 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுமூளையிலிருந்து கிளம்பும் நரம்புப் பாதைகளிலும் மாற்றம் தெரிவதாக எம்.ஆர்.ஐ. மூலம் காட்டினார்கள். பத்திரிகைகள் இதோடு நிறுத்திக்கொண்டன. பயிற்சியை நிறுத்தியதும் அந்த மாற்றம் நிலைக்கவில்லை என்பதையும் அதே குழு சொன்னது. ஆகவே மூன்று மாத பேக்கேஜ், அப்புறம் நிரந்தரத் தீர்வு என்று யாராவது விற்றால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. அந்த ஆய்வில் ஹெட்செட்டே கிடையாது, டிவியும் காலடியில் ஒரு பலகையும்தான். ஆய்வுகளில் 'வி.ஆர்.' என்று வருவதில் நிறைய இந்த ரகம்தான். இதைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும்.

சாதாரண பிசியோதெரபியைவிட இது உசத்தியா?

நடையைப் பொறுத்தவரை, அப்படிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தான் வி.ஆர். குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும் என்பதால் உற்சாகத்தின் பங்கைப் பிரித்தெடுப்பதும் கஷ்டம்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இதன் மேல் நம்பிக்கை உண்டு. எம்.எஸ். உள்ளவர்களுக்கு நடந்துகொண்டே பேசுவது, நடந்துகொண்டே யோசிப்பது சிரமம். டிரெட்மில்லில் நடக்கும்போது முன்னால் உள்ள திரையில் உங்கள் பாதங்கள் தெரியும், வழியில் குட்டை வரும், தடுப்பு வரும், எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு அமைப்பை வெறும் டிரெட்மில்லோடு ஒப்பிட்டு, நூறு பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். நடை இரு குழுவிலும் தேறியது. யோசிக்கும் வேகம் வி.ஆர். குழுவில் கூடுதலாகத் தேறியது. சாலையைக் கடக்கும்போது தடுமாறுகிறேன் என்பவருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். தொடைத் தசை வலுவிழந்தவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி போதும், செலவும் இல்லை.

பத்து நிமிடம் ஆடியதும் ஒரு கண் மங்கிவிட்டது. அரை மணியில் தெளிந்தது. மறுபடியும் ரிலாப்ஸா (நோய் புதிதாகத் தாக்குகிறதா)?

அநேகமாக இல்லை. உடல் சூடேறினால் மயலின் சிதைந்த நரம்பில் செய்தி போவது தற்காலிகமாகத் தடைபடும். ஜெர்மன் கண் மருத்துவர் உட்ஹாஃப் 1890-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம். முன்பு கண் நரம்பு அழற்சி வந்த கண்ணில் இது சட்டென்று தெரியும். சூடு தணிந்தால் பார்வை திரும்பிவிடும், புதிய சேதம் எதுவும் இல்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு முகத்தை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு குதித்தால் இப்படித்தான் ஆகும். காலையில் செய்யுங்கள். மின்விசிறிக்கு நேராக நில்லுங்கள், ஏ.சி. இருந்தால் இன்னும் நல்லது. தொடங்குமுன் குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம்.

புதிய தொந்தரவு 24 மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் பழைய தொந்தரவுகள் தலைதூக்கும் என்பதால் அதையும் பரிசோதிப்பார்.

பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிபவர்களுக்கும் கண்விழி தானாகவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஹெட்செட் பெரும்பாலும் ஒத்துவராது. குமட்டலும் தலைசுற்றலும்தான் மிஞ்சும். வலிப்பு வந்தவர்கள் மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. ஹெட்செட் போடலாமா?

கழுத்துத் தண்டுவடத்தில் பாதிப்பு உள்ளவர்களுக்கு இப்படி வரும். மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட்டுகளான க்வெஸ்ட் 2, க்வெஸ்ட் 3 இரண்டுமே சுமார் அரைக் கிலோ எடை. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கீழே கீழே பார்க்க வைக்கும் கேம் உங்களுக்கு வேண்டாம். நேராகப் பார்த்துச் செய்யும் திரைப் பயிற்சிகள் போதும்.

மனைவிக்கு எம்.எஸ். பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் வேலைக்குப் போன நேரத்தில் பயிற்சி செய்யலாமா?

ஹெட்செட்டோடு நின்றுகொண்டு செய்யக் கூடாது. பாதம் சரியாகச் செய்தி அனுப்பாதவர் நிற்பதே கண்ணை நம்பித்தான். அந்தக் கண்ணை மூடி வேறு உலகத்தைக் காட்டினால் என்ன ஆகும்? கண்ணை மூடினால் உடல் ஆடுகிறதா என்று உங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆடினால், நிற்கும் பயிற்சி எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருக்கும்போதுதான். தனியாக இருக்கும்போது கைப்பிடி வைத்த, சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம். மிதியடி, வயர், வீட்டுப் பூனை எல்லாம் அந்த இடத்தை விட்டுப் போகட்டும்.

ஆடி முடித்தால் அன்றைய சமையலுக்குக்கூடத் தெம்பில்லை.

அப்படியானால் நேரம் அதிகம். வெறும் ஐந்து நிமிடப் பயிற்சியோடு தொடங்குங்கள், இடையில் உட்காருங்கள். மறுநாள் காலையில் வழக்கமான தெம்பு திரும்பியிருந்தால் மட்டும் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். கேமில் 'இன்னும் ஒரு லெவல்' என்கிற ஆசைதான் இங்கே எதிரி. அலாரம் வைத்துக்கொண்டு, அடித்ததும் நிறுத்திவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனையில் சில முறை செய்து பாருங்கள். பழைய வீ போர்டு கிடைத்தால் போதும், ஆனால் அதற்கு வீ கருவியும் வேண்டும். உடல் அசைவைக் கேமராவால் பிடிக்கும் எக்ஸ்பாக்ஸ் கினெக்ட்டின் தயாரிப்பு 2017-இலேயே நின்றுவிட்டது, ரிப்பேர் செய்ய ஆள் கிடைப்பது சிரமம். போனைச் செருகும் அட்டைப்பெட்டி ரகம் வேண்டாம். தலை திரும்புவதைத் தவிர உங்கள் கை, கால் அசைவைக் கணக்கெடுக்க அதில் வழியில்லை, வெறுமனே வேடிக்கை பார்க்கலாம்.

அம்மா வீல்சேரில். அவருக்கு ஏதாவது உண்டா?

உண்டு. கையை நீட்டிப் பிடிக்கும், பொருளை எடுத்து வைக்கும் கேம்களை உட்கார்ந்தே செய்யலாம். எந்தக் கை நடுங்குகிறது, எவ்வளவு தூரம் நீள்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து ஸ்கோரைப் பார்க்காதீர்கள். டம்ளரைத் தானே எடுத்துக் குடிக்கிறாரா, சட்டைப் பொத்தானைப் போடுகிறாரா என்று பாருங்கள். இரண்டிலும் மாற்றமில்லை என்றால் கேமை மாற்றச் சொல்லி அவருடைய பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.