ஸ்ட்ரைக், லாக்அவுட் நேரத்துல நம்ம மெடிக்கல் எயிட் என்னாகும்?

டர்பன்ல ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரில வேலை பாக்குற தம்பி கேட்டிருக்கார்: சம்பளப் பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு, யூனியன் ஸ்ட்ரைக்குங்குது, மேனேஜ்மென்ட் கேட்ட சாத்தி லாக்அவுட் பண்ணிடுவோம்னு மிரட்டுது, வீட்டுல மனைவி ஆறு மாசம், அமெரிக்காவுல ஸ்ட்ரைக் பண்ணவங்களுக்கு இன்சூரன்ஸை நிறுத்திட்டாங்கன்னு படிச்சேன், சவுத் ஆப்பிரிக்காவுலயும் அப்படித்தானா, இப்பவே என்ன பண்ணி வைக்கணும்னு.

தம்பி, நான் டர்பன் தெற்குப் பக்கம் ஒரு கம்பெனில பேரோல்ல, அதாவது சம்பளக் கணக்குப் பிரிவுல, ரொம்ப காலம் இருந்தவ, அப்புறம் ஷாப் ஸ்டீவர்டாவும், அதாவது ஃபேக்டரில யூனியனோட பிரதிநிதியாவும் இருந்தேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். நேரா பதிலச் சொல்லிடுறேன். ஸ்ட்ரைக் பண்ணீங்கங்கிறதுக்காக மெடிக்கல் எயிட், அதாவது மாசக் கட்டணம் வாங்கிட்டு வைத்தியச் செலவ ஏத்துக்கிற ஸ்கீம், உங்கள வெளிய தள்ள முடியாது. ஆனா அந்த மாசக் கட்டணம் போய்ச் சேரலேன்னா தள்ளலாம். உங்க பிரச்சனை முழுக்க இந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுலதான் இருக்கு, அதுக்கு மருந்தும் ஸ்ட்ரைக் தொடங்குறதுக்கு முன்னாடிதான் இருக்கு, தொடங்கினப்புறம் கிடையாது.

1998-ம் வருஷத்து மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துல, ஒரு மெம்பர எந்தெந்த காரணத்துக்கு நிறுத்தலாம்னு தெளிவா எழுதியிருக்கு. கட்டணம் கட்டாதது, ஸ்கீமுக்குத் தர வேண்டிய கடனத் திருப்பாதது, மோசடி, சேரும்போது முக்கியமான நோய் விவரத்த மறைச்சது, அவ்ளோதான். ஸ்ட்ரைக்குங்கிறது அதுல இல்ல. ஸ்கீமுக்கு உங்க ஃபேக்டரில சண்டையா சமாதானமான்னு கவலையே கிடையாது, மாசா மாசம் காசு வருதான்னு பாக்கும். சிக்கல் என்னன்னா அந்தக் காசு உங்க கையால போகல, கம்பெனி வழியாத்தான் போகுது.

ஸ்கீம்லருந்து மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்கு மொத்த பில் வரும், எல்லா வொர்க்கரோட பேரும் வரிசையா இருக்கும், உங்க பங்கை சம்பளத்துல புடிச்சு, கம்பெனி பங்கையும் சேர்த்து ஒரே தொகையா அனுப்புவாங்க. ஸ்ட்ரைக் மாசத்துல உங்க சம்பளம் பூஜ்யம்னு வைங்க, பிடிக்க எதுவும் இல்ல, பேஸ்லிப் மைனஸ்ல நிக்கும். அப்போ அந்த சீட்டுல உட்கார்ந்திருக்கிற ஆள் ரெண்டுல ஒண்ணு பண்ணலாம். முழுத் தொகையையும் கம்பெனி கட்டிட்டு உங்க பங்கை கடனா எழுதி வச்சுக்கலாம், இல்ல உங்க பேருக்கு நேரா கோடு போட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் கட்டலாம். ரெண்டும் கம்ப்யூட்டர்ல சில நிமிஷ வேலை. எது நடக்கணும்ங்கிறத முடிவு பண்றது மேல இருக்குற மேனேஜ்மென்ட்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1995 லேபர் ரிலேஷன்ஸ் சட்டம் 67-ம் பிரிவுல, முறைப்படி நடக்குற ஸ்ட்ரைக்கோ லாக்அவுட்டோ, செய்யாத வேலைக்கு முதலாளி சம்பளம் தர வேண்டியதில்ல. கம்பெனியோட மெடிக்கல் எயிட் பங்கும் சம்பளத்தோட ஒரு பகுதின்னு சொல்லி நிறுத்த அவங்களால முடியுது. ஆனா அதே பிரிவுல இன்னொண்ணு இருக்கு, இதுதான் நிறைய பேருக்குத் தெரியல: சம்பளத்தோட ஒரு பகுதியா தங்குற இடம், சாப்பாடு, வாழ்க்கைக்குத் தேவையான மத்த அடிப்படை வசதிங்க கொடுத்துட்டு வந்தா, தொழிலாளி கேட்டுக்கிட்டா அத ஸ்ட்ரைக் நேரத்துலயும் நிறுத்தக் கூடாது. முடிஞ்சப்புறம் அதோட மதிப்ப லேபர் கோர்ட் மூலமா முதலாளி வசூல் பண்ணிக்கலாம். எவ்ளோ நியாயமான ஏற்பாடு பாருங்க, முதலாளிக்கு நஷ்டம் இல்ல, தொழிலாளி நடுரோட்டுக்கும் வரல. ஆனா அந்த வரில மெடிக்கல் எயிட்ங்கிற பேரு இல்ல.

நம்ம ஜனங்களுக்கு இந்த மாதிரி நெருக்கடி புதுசு இல்ல. 1913-ல, ஒப்பந்தம் முடிஞ்ச இந்தியத் தொழிலாளிங்க மேல போட்ட 3 பவுண்ட் வரிய எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துல நம்ம ஆளுங்க வேலைய நிறுத்தினப்போ, சில இடங்கள்ல முதலாளிங்க லைன் வீடுங்களுக்கு லைட்டையும் தண்ணியையும் நிறுத்தினாங்க. அதே போராட்டத்துல ஜெயிலுக்குப் போய் காய்ச்சலோட வெளிய வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில செத்துப் போனா, சின்னப் பொண்ணு. வீட்டுலருந்து தொழிலாளிய துரத்தக் கூடாது, சோத்த நிறுத்தக் கூடாதுன்னு இன்னிக்கு சட்டம் சொல்லுதே, அதே மனசோட மருந்தையும் நிறுத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கணும். என்னோட உறுதியான கருத்து இது. தொழிலாளர் சட்டத் திருத்தம் நெட்லாக்ங்கிற பேச்சுவார்த்தை அமைப்புல அரசாங்கம், முதலாளி, யூனியன்னு எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் பார்லிமென்டுக்குப் போகுது, நம்ம யூனியன்காரங்க அங்க இத விடாம கேக்கணும்.

லாக்அவுட் விஷயத்துல எனக்குக் கோவமே வரும். ஸ்ட்ரைக்னா நாம ஓட்டுப் போட்டு வெளிய வர்றோம், சம்பளம் போகும்னு தெரிஞ்சுதான் வர்றோம். லாக்அவுட்ல வேலை செய்யத் தயாரா கேட்ல நிக்கிறோம், கேட்ட சாத்துறது அவங்க. ஆனா ரெண்டுக்கும் சட்டத்துல ஒரே பாதுகாப்பு. 48 மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுத்து முறைப்படி பண்ணிட்டாங்கன்னா, ஒப்பந்தத்த மீறிட்டாங்கன்னு அவங்க மேல கேஸ் போட முடியாது. அதனால நோட்டீஸ் வந்தா மொதல்ல பாக்க வேண்டியது, தொழில் தகராறுகளத் தீர்க்குற அமைப்பான சிசிஎம்ஏல சமரசப் பேச்சு முடிஞ்சு சர்டிஃபிகேட் வந்துச்சா இல்ல 30 நாள் ஆச்சா, 48 மணி நேரம் குடுத்தாங்களான்னு. இது எதுலயாவது ஓட்டை இருந்தா அந்த லாக்அவுட்டுக்குப் பாதுகாப்பு கிடையாது, யூனியன் உடனே லேபர் கோர்ட்டுக்குப் போகலாம், சம்பளத்தோட மெடிக்கல் எயிட்டையும் சேர்த்துக் கேக்கலாம்.

அமெரிக்கா சேதி நீங்க படிச்சது நிஜம்தான். 2019 செப்டம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல ஏறக்குறைய 48,000 பேர் ஸ்ட்ரைக் பண்ணாங்க, மறுநாளே கம்பெனி மெடிக்கல் கவரேஜ நிறுத்திடுச்சு, ஊரே திட்டினப்புறம் சில நாள்ல திரும்பக் குடுத்துச்சு. 2024-ல போயிங் தொழிலாளிங்க 33,000 பேருக்கு செப்டம்பர் கடைசியோட இன்சூரன்ஸ் நின்னுச்சு. முறையான ஸ்ட்ரைக் நேரத்துல இன்சூரன்ஸ நிறுத்துறதையே தப்புன்னு ஆக்கணும்னு அங்க ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, நிறைவேறல. கலிபோர்னியா மாநிலம், ஸ்ட்ரைக்லயோ லாக்அவுட்லயோ கவரேஜ இழந்தவங்க அரசாங்க உதவியோட வேற இன்சூரன்ஸ் எடுத்துக்கலாம்னு சட்டம் போட்டுச்சு.

நம்ம ஊர்ல அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு, அந்த வகையில நாம பரவால்ல. ஆபத்தான நிலையில வர்ற யாருக்கும் அவசர சிகிச்சை மறுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் 27-ம் பிரிவுலயே இருக்கு, பிரைவேட் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான். ஆனா அன்னாடம் மருந்து சாப்பிடுறவங்களுக்கு அது எப்படிப் போதும்? எங்க வேலை இடத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன ஒரு அண்ணன், சக்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. ஸ்ட்ரைக் இரண்டாவது மாசம், நானும் அவரும் சாட்ஸ்வொர்த்ல மருந்துக்கடைல நின்னோம், கவுன்டர்ல இருந்த பொண்ணு கார்டு நம்பர அடிச்சிட்டு ஒண்ணும் பேசாம ஸ்க்ரீன எங்க பக்கம் திருப்பிச்சு, சஸ்பெண்டட்னு சிவப்புல இருந்துச்சு. பைக்குள்ள போட்டு வச்சிருந்த இன்சுலின் பெட்டிய எடுத்து திரும்ப ஃப்ரிட்ஜுல வச்சிட்டா. அவர் கையில இருந்த ரேண்ட எண்ணிப் பாத்துட்டு பிரஷர் மாத்திரை மட்டும் வாங்கிட்டு வந்தார். அந்த கம்பெனி பேர் வேணாம், ஆனா அந்த மாசம் அவங்களுக்கு அந்தத் தொகைய கட்ட வசதி இல்லாம இல்ல.

இதவிடப் பெரிய ஆபத்து ஸ்ட்ரைக் முடிஞ்சப்புறம் வரும். மெம்பர்ஷிப் ஒரு மாசம் சஸ்பெண்ட் ஆனா பாக்கியக் கட்டித் திரும்ப உயிர் குடுத்துடலாம், பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. ரத்தே ஆயிட்டா, அதுலயும் 90 நாளுக்கு மேல கவரேஜ் இல்லாம இருந்துட்டா, நீங்க புதுசா சேர்றவர்தான். 3 மாசம் பொது வெயிட்டிங் பீரியட் போடலாம், ஏற்கனவே இருக்குற நோய்க்கு 12 மாசம் வரைக்கும் போடலாம், கர்ப்பமும் அதுல அடங்கும். சாதாரணமா எந்த ஸ்கீமும் கட்டாயம் கொடுத்தே ஆகணும்னு இருக்குற குறைந்தபட்ச சிகிச்சைங்க கூட அந்தக் காலத்துல கிடைக்காது. ரெண்டு வருஷத்துக்கு மேல மெம்பரா இருந்து 90 நாளுக்குள்ள திரும்பச் சேர்ந்தா கதை வேற, 3 மாசம் வெயிட்டிங் போட்டாலும் அந்தக் கட்டாய சிகிச்சைக்குப் பணம் குடுத்தே ஆகணும். வயசான தொழிலாளிங்களுக்கு இன்னொரு அடியும் இருக்கு: 35 வயசுக்கு மேல லேட்டா சேர்றவங்களுக்கு கட்டணத்துல 5 சதவீதத்துலருந்து 75 சதவீதம் வரைக்கும் கூடுதலா, காலம் பூரா. 2001 ஏப்ரலுக்கு முன்னாடியிருந்தே விடாம மெம்பரா இருக்குறவங்களுக்கு இதுலருந்து விலக்கு உண்டு, நடுவுல 3 மாசத்துக்கு மேல விட்டுப்போச்சுன்னா அந்த விலக்கு போயிடும். ஸ்ட்ரைக் எங்க 90 நாள் போகப்போகுதுன்னு நினைக்காதீங்க. 2014-ல பிளாட்டினம் சுரங்கத்துல ஏறக்குறைய 70,000 பேர் ஜனவரியிலருந்து ஜூன் வரைக்கும் அஞ்சு மாசம் வெளிய இருந்தாங்க.

அதனால இப்ப பண்ண வேண்டியது. சிசிஎம்ஏல பேச்சு நடக்கும்போதே பிக்கெட்டிங் விதிங்களையும், அதாவது ஸ்ட்ரைக் பண்றவங்க கேட் பக்கத்துல எங்க, எப்படி நிக்கலாம்ங்கிறதையும், பேசி முடிக்கணும்ங்கிறது 2019-லருந்து சட்டம். எப்படியும் ரெண்டு பக்கமும் ஒரே மேசையில உட்காருவாங்க, அங்கேயே உங்க ஷாப் ஸ்டீவர்ட் மூலமா ஒரு தனி எழுத்து ஒப்பந்தம் கேளுங்க: ஸ்ட்ரைக்கோ லாக்அவுட்டோ நடக்குற வரைக்கும் கம்பெனி ரெண்டு பங்கையும் ஸ்கீமுக்குக் கட்டணும், தொழிலாளி பங்கை வேலைக்குத் திரும்பினப்புறம் இத்தனை தவணையில பிடிச்சுக்கலாம். தவணை எத்தனை, மாசம் எவ்ளோங்கிறத எழுதாம விட்டுடாதீங்க, சம்பளத்துல கடன் பிடிக்க உங்க எழுத்துச் சம்மதம் தேவைங்கிறது சட்டம், அது உங்களுக்கும் பாதுகாப்பு. மேனேஜ்மென்ட் ஒத்துக்குமான்னு கேப்பீங்க. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பாத்தவ, நிறைய மேனேஜருங்க ஒத்துக்குவாங்க, ஏன்னா ஸ்ட்ரைக் முடிஞ்சு திரும்பி வர்ற ஆள் மருந்தில்லாம படுத்த ஆளா இருந்தா அவங்களுக்கும் நஷ்டம், அதோட அவங்க பணம் திரும்ப வந்துடுது. ஒத்துக்காதவங்க, மருந்த வச்சே நம்மள மண்டி போட வைக்கலாம்னு நினைக்கிறவங்கதான்.

ஒத்துக்கலேன்னா நீங்களே ஸ்கீமுக்கு ஃபோன் பண்ணி, முழுக் கட்டணத்தையும் நேரடியா கட்ட முடியுமான்னு கேளுங்க. யார் வேணா சேரக்கூடிய ஓபன் ஸ்கீமா இருந்தா டெபிட் ஆர்டர் மாத்திக்க வழி இருக்கும், கம்பெனிக்குன்னே இருக்குற ஸ்கீமா இருந்தா அவங்க விதிய எழுத்துல கேட்டு வாங்குங்க. எத்தனாவது நாள் சஸ்பெண்ட், எத்தனாவது நாள் ரத்துங்கிறது ஸ்கீமுக்கு ஸ்கீம் மாறும். இந்த மாசக் கட்டணம் முன்கூட்டியே போகுதா, மாசம் முடிஞ்சு போகுதான்னு பேரோல்ல கேளுங்க, ஸ்ட்ரைக்குக்கு முந்தின மாசக் காசு போகாம நின்னுடுறதும் உண்டு. உங்க சம்பளத்துல பிடிச்ச பணத்த 7 நாளுக்குள்ள ஸ்கீமுக்கு அனுப்பணும்னு சட்டம் இருக்கு. பிடிச்சுட்டு அனுப்பாம வச்சிருந்தா லேபர் டிபார்ட்மென்ட்ல புகார் குடுங்க, ஸ்கீம் தப்புப் பண்ணா, ஸ்கீமுங்கள மேற்பார்வை பண்ற கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ்ல. பேஸ்லிப்புங்கள தூக்கிப் போடாதீங்க. யூனியன்ல ஸ்ட்ரைக் ஃபண்ட் இருந்தா, கைச்செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி, தினம் மருந்து சாப்பிடுறவங்க, கர்ப்பிணிங்க, சின்னக் குழந்தை உள்ளவங்க கட்டணத்த அதுலருந்து கட்டச் சொல்லி மீட்டிங்ல எழுந்து பேசுங்க.

கிளாத்திங் ஃபேக்டரில இருக்குறவங்க யாராவது இதப் படிச்சா, உங்களுக்கு, முதலாளிங்களும் யூனியனும் சேர்ந்து அமைச்ச பார்கெயினிங் கவுன்சில் நடத்துற ஹெல்த்கேர் ஃபண்டா இருக்கலாம், அதோட விதிங்க தனி, கவுன்சில் ஆபீஸ்ல கேளுங்க.

உங்க மனைவி விஷயம். இன்னும் கார்டு வேலை செய்யும்போதே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பதிவ ஸ்கீம்ல பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிடுங்க, மெம்பர்ஷிப் நின்னா அது செல்லாது, ஆனா நிக்காம பாத்துக்கிட்டா அலைச்சல் மிச்சம். இதுவரை எடுத்த ஸ்கேன், ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாத்துக்கும் காப்பி எடுத்து ஒரு ஃபைல்ல வைங்க. ஒருவேளை மெம்பர்ஷிப் நின்னே போச்சுன்னா, மெடிக்கல் எயிட் இல்லாத கர்ப்பிணிக்கும், பால் குடுக்குற தாய்க்கும், 6 வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரில இலவசம்னு 2003 தேசிய சுகாதாரச் சட்டத்துல இருக்கு, அந்த ஃபைலோட பக்கத்து கிளினிக்ல போய் மறுநாளே பதிவு பண்ணிடுங்க, ஒன்பதாம் மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க. லாக்அவுட் நோட்டீஸ் வந்துச்சுன்னா அதுல இருக்குற தேதியையும் நேரத்தையும் கீழ எழுதுங்க தம்பி, 48 மணி நேரம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றேன்.