ஆஸ்பென் கன்று ஏன் இடுப்பளவிலேயே நிற்கிறது?

கேள்வி: கொலராடோவில் மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்குள்ள ஆஸ்பென் தோப்பு முதிர்ந்துபோய், மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. அடியில் கன்றுகளுக்குக் குறைவில்லை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் ஆறு ஆண்டுகளாக எதுவும் இடுப்பளவைத் தாண்டவில்லை. கோடையில் பக்கத்துப் பண்ணை மாடுகளும் குளிர்காலத்தில் எல்க் மான்களும் வந்து போகின்றன. உரம் போட வேண்டுமா? அல்லது கிழட்டு மரங்களை வெட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்க விடலாமா?

பதில்: உரம் வேண்டாம். கோடரியை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள்.

ஒரு கன்றின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். அடித்தண்டு கட்டை விரல் பருமன் இருக்கும், உயரமோ மூன்றடிதான். நுனியில் ஒற்றைக் குருத்து இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த குச்சிமுனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே இரண்டு மூன்று பக்கக் கிளைகள், அவற்றின் முனையிலும் அதே கதை. நுனிக்குருத்து போனால் பக்கமொட்டு ஒன்று தலைமை ஏற்கும். அடுத்த ஆண்டு அதையும் கடித்துவிட்டால் இன்னொன்று. தண்டு பருக்கிறது, வயது ஏறுகிறது, உயரம் மட்டும் அப்படியே நிற்கிறது. தடையில்லாமல் வெயில் பட வளரும் வேர்க்கன்று முதல் ஆண்டிலேயே மூன்றடி எட்டிவிடும். உங்களுடையது ஆறு ஆண்டுகளில் எட்டியதும் அவ்வளவுதான். இது மண்ணின் குறை இல்லை. எத்தனை கன்றுகள் என்று எண்ணி மகிழ்வதில் பயனில்லை, எத்தனை கன்றுகளின் நுனி முழுசாக இருக்கிறது என்று எண்ணுங்கள்.

கடித்தது யார்? வெட்டு சாய்வாக, கத்தியால் சீவியதுபோல் இருந்தால் முயல். மான், எல்க், மாடு மூன்றுக்கும் மேல் முன்பற்கள் கிடையாது. அவை கிழித்து இழுப்பதால் முனை நாராகப் பிரிந்திருக்கும். ஆகவே காயத்தை மட்டும் பார்த்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது, காலத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். முப்பது கன்றுகளில் ரிப்பன் கட்டுங்கள். மாடுகள் வருவதற்கு முன் ஒருமுறை, அவை போன பிறகு ஒருமுறை, பனி உருகியதும் ஒருமுறை நுனிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழி பெரும்பாலும் எல்க் மேல்தான் விழும். ஆனால் கோடையின் பின்பகுதியில் புல் காய்ந்ததும் மாடுகளும் ஆஸ்பென் இலைக்குத் திரும்பும், ஆடுகள் அதைவிட ஆவலாக. இரண்டு பருவத்திலும் கடிபடும் கன்றுதான் பரிதாபம். கோடையில் இலை போனால் வேருக்கு உணவு போகாது. குளிர்காலத்தில் மொட்டும் போய்விடுகிறது.

வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு தோப்பு முழுவதும் ஒரே வேரிலிருந்து எழுந்த ஒரே உயிராக இருக்கலாம். நிற்கும் மரத்தின் நுனியிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, வேரிலிருந்து புதுக்கன்றுகள் எழாமல் அடக்கிவைக்கிறது. மரத்தை வெட்டினால் அந்தக் கட்டு அவிழ்ந்து, ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் கிளம்பும். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனையும் வேர் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்து எழுந்தவை. அவற்றைத் தொடர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் மேயவிட்டால் வேரின் கையிருப்பு தீர்ந்துவிடும், கிழட்டு மரமும் இல்லை, கன்றும் இல்லை என்றாகும். தோப்பில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் வெட்டினால் இன்னும் மோசம், சுற்றுவட்டார எல்க் கூட்டத்துக்கே பந்தி விரித்த மாதிரி.

முதலில் வேலி, பிறகு கோடரி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஃபிஷ்லேக் காட்டில் உள்ள பாண்டோ என்ற ஆஸ்பென் தோப்பு இதற்கு நல்ல பாடம். ஒரே வேர்த்தொகுதி, ஏறத்தாழ 106 ஏக்கர், 47,000 தண்டுகள். 2013-இல் ஒரு பகுதிக்குப் போட்ட உறுதியான வேலிக்குள் கன்றுகள் மேலெழுந்தன. அடுத்த ஆண்டு இன்னொரு பகுதிக்குப் பழைய வேலியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினார்கள், பலவீனமான இடங்கள் வழியே மான்கள் உள்ளே புகுந்துவிட்டன. அரைகுறை வேலிக்குச் செலவழிப்பதைவிடச் சும்மா இருப்பது மேல்.

எல்க், மான் இரண்டையும் தடுக்க எட்டடி உயரக் கம்பிவலை தேவை. மாட்டை மட்டும் தடுக்க நான்கு இழை முள்கம்பி போதும். விலை வித்தியாசம் பெரிது. அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள்: முப்பதடிச் சதுரமாக இரண்டு அடைப்புகள், ஒன்றில் முள்கம்பி, ஒன்றில் எட்டடி வலை, பக்கத்தில் அதே அளவு திறந்த இடம். இரண்டு ஆண்டுகளில் விடை கிடைத்துவிடும். வலைக்குள் போலவே முள்கம்பிக்குள்ளும் கன்று உயர்ந்தால், குற்றவாளி மாடு என்று தெரிந்து பெருஞ்செலவு மிச்சம். காற்றில் விழுந்த மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவைப்பதும் கொஞ்சம் உதவும், அந்தக் குவியலுக்குள் கால்வைக்க எல்க் தயங்கும். ஆனால் மரம் மக்கும்வரைதான். கசப்பு மருந்துத் தெளிப்பு பத்துக் கன்றுக்குச் சரி, தோப்புக்கு ஆகாது.

ஓநாய் வந்தால் தீராதா என்று பலர் கேட்கிறார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996 ஆண்டுகளில் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடக்குப் பகுதி எல்க் எண்ணிக்கை 1994-இல் 19,000 அளவில் இருந்தது, 2013-இல் 4,000-க்கும் கீழே வந்தது. பல இடங்களில் ஆஸ்பென் மீண்டும் உயர்ந்தது உண்மை, எல்லா இடங்களிலும் அல்ல. கரடியும் வேட்டையும் அந்தக் கணக்கில் உண்டு. உங்கள் வேலியை ஓநாயிடம் ஒப்படைக்க முடியாது.

வேலியை எப்போது எடுப்பது? எல்க்கின் வாய் ஏறத்தாழ ஆறரை அடிவரை எட்டும். நுனி அதைத் தாண்டினால் கன்று பாதி தப்பித்த மாதிரி. நான் பத்தடி வரை காத்திருக்கச் சொல்வேன், ஏனெனில் மெல்லிய தண்டை வளைத்தும் தின்னும், கிடா எல்க் கொம்பு தேய்த்தே முறித்துவிடும். அதற்குப் பிறகும் குளிர்காலத்தில் பட்டையைச் சுரண்டத்தான் செய்யும். அந்தக் காயங்கள் வழியே பூசணம் நுழையும், ஆனாலும் தோப்பு பிழைத்துக்கொள்ளும்.

பண்ணைக்காரரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொலராடோ சட்டப்படி மாடு உள்ளே வராமல் வேலி போட்டுக்கொள்வது நிலத்துக்காரரின் பொறுப்பு. புல் காய்வதற்கு முன், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மந்தையை வேறு பக்கம் ஓட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ரிப்பன் கட்டிய கன்றுகளையும் கையோடு காட்டுங்கள்.