மார்கரிட் டெய்சி: அடியோடு வெட்டலாமா?

கேள்வி: மெல்பர்னின் மேற்குப் புறநகரில் இருக்கிறோம். வாசலில் வைத்த மார்கரிட் டெய்சி முதல் வருடம் பந்து மாதிரி பூத்தது. மூன்று வருடமான இப்போது அடியெல்லாம் வெறும் குச்சி, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. இலைகளில் வெள்ளைக் கோடுகள் வேறு. அடியோடு வெட்டினால் துளிர்க்குமா?

பதில்: துளிர்க்காது. வெட்டினால் அநேகமாகச் செடியே போய்விடும்.

ரோஜாவைக் கவாத்து செய்து பழகிய கை, எதையும் ஒட்ட வெட்டத்தான் பார்க்கும். சாமந்தியும் தூரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பிழைத்துக்கொள்ளும். மார்கரிட்டும் சாமந்திக் குடும்பம்தான், ஆனால் கேனரித் தீவுகளைச் சேர்ந்த இந்தக் குறும்புதர் அப்படியில்லை. பச்சையாக இருக்கும் தண்டில்தான் துளிர் வரும். பழுப்பேறி மரமாகிப்போன பகுதியில் புதுத்துளிர் வருவது அபூர்வம்.

உங்கள் செடிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். மூன்று வருடம் என்பது இதற்கு நல்ல ஆயுள். வசந்தப் பூப்பு முடிந்ததும் வருடாவருடம் மூன்றில் ஒரு பங்கை, இலையுள்ள பகுதியோடு நிறுத்தி வெட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அடர்த்தியாக நின்றிருக்கும்.

சரி, இனி என்ன செய்யலாம்? பழைய செடியிலிருந்தே புதிது எடுங்கள். கோடை முடிந்து வெயில் தணியும் மார்ச், ஏப்ரல் இதற்குத் தோதான நேரம். மொட்டில்லாத நுனியாகப் பார்த்து 8 முதல் 10 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வளைத்துப் பார்த்தால் தண்டு வளைய வேண்டும்; விறகு மாதிரி விறைத்து நின்றால் அது முற்றல். கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, தென்னை நார்த்தூளும் பெர்லைட்டும் (தொட்டி மண்ணில் கலக்கும் எடையில்லாத வெள்ளைத் துகள்) சமமாகக் கலந்த தொட்டியில் ஊன்றி, நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது. அப்புறம் நுனியைக் கிள்ளிவிட மறக்காதீர்கள். பூ வரட்டும் என்று ஆசைப்பட்டுக் கிள்ளாமல் விட்டால் செடி ஒற்றைக் குச்சியாக ஓடிவிடும்.

உங்கள் பக்கம் களிமண், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் நடுங்கள். தழைச்சத்து அதிகமுள்ள உரம் போட்டால் இலைதான் கொழிக்கும்.

வெள்ளைக் கோடுகள், இலைக்குள் குடைந்து போகும் சின்னப் புழுவின் தடம். மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் உள்ளே இருப்பதை எட்டாது. கோடு முடியும் இடத்தை விரலால் நசுக்குங்கள், அல்லது இலையைக் கிள்ளி எறியுங்கள்.

பழைய செடியைப் புதுக்கன்று வேர்விடும்வரை வைத்திருங்கள். ஆனால் குச்சி ஒடிக்கும் முன் தூரை ஒருமுறை பாருங்கள். சொரசொரப்பான கழலை மாதிரி வீக்கம் இருந்தால் அது பாக்டீரியா நோய். அந்தச் செடியிலிருந்து குச்சி எடுக்காதீர்கள், அதே குழியில் மறுபடி மார்கரிட்டும் வைக்காதீர்கள்.